வீட்டு வைஃபையில் ஆளுக்கொரு கடவுச்சொல்: ஓப்பன்எல்டாப், ஃப்ரீரேடியஸ் இரண்டையும் இணைக்கும் முறை

வீட்டு வைஃபைக்கு ஒரே கடவுச்சொல் இருக்கும் வரை அதை அறிந்தவர் யார் யார் என்பதற்குக் கணக்கே இராது. ஒருவரை மட்டும் விலக்க விரும்பினாலும் எல்லாக் கருவிகளிலும் புதிய கடவுச்சொல்லை இட வேண்டியிருக்கும். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இதற்காகப் பயன்படும் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் முறையை வீட்டிலும் அமைக்கலாம். பயனர் பட்டியலை ஓப்பன்எல்டாப் என்னும் டைரக்டரி சேவையகம் வைத்திருக்கும். ரௌட்டருக்கும் அந்தப் பட்டியலுக்கும் இடையே நின்று "இவரை விடலாமா" என்ற கேள்விக்கு ஃப்ரீரேடியஸ் விடை சொல்லும். இரண்டும் கட்டணமற்ற மென்பொருள்கள். டெபியன் 12 ஓடும் ஒரு ராஸ்பெரி பை இரண்டையும் தாங்கும். அந்தக் கணினி மட்டும் ரௌட்டருடன் கம்பி வழியாகவே இணைந்திருக்க வேண்டும். வைஃபைக்கு அனுமதி தரும் கணினியே வைஃபையை நம்பியிருந்தால், மின்சாரம் போய் வந்தபின் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்.

எதையும் நிறுவுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. டைரக்டரியில் கடவுச்சொல் எந்த வடிவில் இருக்கப்போகிறது, கருவிகள் அதை எந்த முறையில் அனுப்பப்போகின்றன என்பவை ஒன்றோடொன்று பிணைந்த இரு கேள்விகள். வைஃபையில் நுழைபவரைச் சரிபார்க்கும் நெறிமுறையான ஈஏபியின் பல வகைகளுள், பெரும்பாலான வழிகாட்டிகள் ஈஏபி-பீப் முறையையும் அதனுள் எம்எஸ்சாப் வி2 முறையையும் சொல்கின்றன. அந்த உள்முறையில் கடவுச்சொல் நேராக வருவதில்லை; ஒரு சவாலுக்கான விடைதான் வருகிறது. அந்த விடையைச் சரிபார்க்கச் சேவையகத்திடம் மூலக் கடவுச்சொல்லோ, எம்டி4 வழியில் கணித்த என்டி ஹாஷோ (ஹாஷ் என்பது கடவுச்சொல்லிலிருந்து கணித்த, திரும்ப மாற்ற முடியாத குறியீடு) இருந்தாக வேண்டும். டைரக்டரியில் உப்பு (ஹாஷ் கணிக்குமுன் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்த்த எஸ்எஸ்ஹெச்ஏ ஹாஷ் மட்டும் இருந்தால், எல்லா அமைவும் சரியாக இருந்தும் உள்நுழைவு தோற்றுக்கொண்டேயிருக்கும். என்டி ஹாஷுக்கு உப்பும் கிடையாது, வலுவும் குறைவு. வீட்டாரின் கடவுச்சொற்களை அந்த வடிவில் சேர்த்துவைக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆகவே இங்கே ஈஏபி-டிடிஎல்எஸ் முறையையும் அதனுள் பிஏபி முறையையும் தேர்ந்தெடுக்கிறோம். இதில் கடவுச்சொல் டிஎல்எஸ் குறியாக்கக் குழாய்க்குள் அப்படியே பயணிக்கும். எந்த ஹாஷ் வடிவத்தோடும் ஒத்துப்போகும்.

முதலில் எஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப் சேவையகம்), எல்டாப்-யுடில்ஸ் ஆகிய இரு தொகுப்புகளை ஆப்ட் மூலம் நிறுவி, டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை எஸ்லாப்டிக்கு இயக்குங்கள். டொமைன் பெயர் கேட்கும் இடத்தில் ஹோம்.ஆர்பா என்று தரலாம். வீட்டு வலையமைப்புகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட பெயர் அது. டைரக்டரியின் வேர் அதிலிருந்தே அமையும். அதன் கீழே பீப்பிள் என்றொரு கிளையை உருவாக்கி, வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஐநெட்ஆர்க்பெர்சன் வகையில் ஒரு பதிவைச் சேர்க்க வேண்டும். அந்த வகையில் குடும்பப்பெயருக்கான எஸ்என் புலம் கட்டாயம். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் வீடுகளில் அங்கே தந்தையின் பெயரையோ பெயரையே மறுபடியுமோ இட்டால் போதும். கடவுச்சொல்லை எஸ்லாப்பாஸ்வேர்டு கட்டளையால் ஹாஷாக மாற்றிய பிறகே பதிவில் சேருங்கள். ஃப்ரீரேடியஸ் தேடுவதற்கென்று, படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றும் வேண்டும். நிர்வாகிக் கணக்கை அதற்குத் தரக் கூடாது.

டெபியனின் இயல்பான அமைவில் கடவுச்சொல் புலத்தை அடுத்தவர் படிக்க முடியாது. ஆனால் மற்ற விவரங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆதலால் எஸ்லாப்டி 389ஆம் போர்ட்டில் வீடு முழுவதற்கும் காது கொடுக்காமல், 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கும்படி அதன் இயல்புநிலைக் கோப்பில் மாற்றிவிடுங்கள். இரு சேவைகளும் ஒரே கணினியில் இருப்பதால் இதனால் எந்த இழப்பும் இல்லை.

அடுத்து ஃப்ரீரேடியஸ், ஃப்ரீரேடியஸ்-எல்டாப் தொகுப்புகள். எல்டாப் மாட்யூலின் கோப்பில் சேவையக முகவரி, தேடும் கணக்கு, அதன் கடவுச்சொல், பீப்பிள் கிளையின் முழுப்பெயர் ஆகியவற்றை நிரப்பி, அந்தக் கோப்புக்கு மாட்ஸ்-எனேபில்டு அடைவில் ஓர் இணைப்பு உருவாக்குங்கள். குழாய்க்குள் வரும் கோரிக்கைகளைக் கையாளும் இன்னர்-டனல் கோப்பின் ஆத்தரைஸ் பகுதியில் எல்டாப் வரி ஏற்கெனவே இருக்கும். அதற்குக் கீழே, பயனர் கிடைத்து அவர் கடவுச்சொல்லும் வந்திருந்தால் ஆத்-டைப் எல்டாப் என்று குறிக்கும் நிபந்தனையை எழுதி, ஆத்தென்டிகேட் பகுதியில் # குறியால் முடக்கப்பட்டிருக்கும் எல்டாப் தொகுதியைத் திறந்துவிடுங்கள். இப்படிச் செய்தால் ஃப்ரீரேடியஸ் அந்தப் பயனரின் பெயரிலேயே டைரக்டரியில் நுழைந்து பார்த்துச் சரிபார்க்கும்; ஹாஷ் டைரக்டரியை விட்டு வெளியே வராது. வெளிப்புற டிஃபால்ட் கோப்பில் உள்ள எல்டாப் வரியை நீக்கிவிடலாம், ஏனெனில் அங்கே வருவது அடையாளம் மறைத்த பெயர் மட்டுமே. ஈஏபி கோப்பில் இயல்பு வகையை டிடிஎல்எஸ் என்று மாற்றுங்கள்.

சேவையகத்தின் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழை எந்த அளவுக்குச் சரியாகச் செய்கிறீர்களோ அந்த அளவுக்கே இந்த ஏற்பாடு பாதுகாப்பானது. கடவுச்சொல் குழாய்க்குள் வெளிப்படையாகப் பயணிப்பதால், குழாயின் மறுமுனையில் இருப்பது நம் சேவையகம்தானா என்பதைக் கருவி கட்டாயம் சரிபார்க்க வேண்டும். தவறினால், அதே பெயரில் போலி வைஃபை ஒன்றைத் தெருவில் வைப்பவர் கடவுச்சொல்லை அப்படியே பெற்றுவிடுவார். ஃப்ரீரேடியஸின் செர்ட்ஸ் அடைவில் வேர்ச் சான்றிதழுக்கும் அது கையொப்பமிடும் சேவையகச் சான்றிதழுக்கும் தனித்தனி மாதிரிக் கோப்புகள் உண்டு. அவற்றில் பெயர்களையும் கடவுச்சொற்களையும் மாற்றி, மாதிரியில் உள்ள 60 நாள் ஆயுளையும் நீட்டியபின் மேக் கட்டளையை இயக்குங்கள். வேருக்குப் பத்தாண்டு தரலாம். சேவையகச் சான்றிதழ் 825 நாளைத் தாண்டினால் ஆப்பிள் கருவிகள் ஏற்பதில்லை. ரேடியஸ்.ஹோம்.ஆர்பா போன்ற ஒரு பெயரை அதன் மாற்றுப்பெயர்ப் புலத்திலும் சேருங்கள். உருவான கோப்புகளின் பாதைகளை ஈஏபி கோப்பில் குறித்து, தனிச்சாவியை ஃப்ரீராட் பயனர் மட்டும் படிக்கும்படி உரிமைகளைச் சுருக்கிவிடுங்கள்.

இனி சோதனை. சேவையை நிறுத்திவிட்டு ஃப்ரீரேடியஸ் கட்டளையைப் பெரிய எக்ஸ் தெரிவோடு இயக்கினால் ஒவ்வொரு முடிவும் திரையில் வரிவரியாக வரும்; பொறுமையாகப் படிப்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. மற்றொரு திரையில் ராட்டெஸ்ட் கட்டளையை 127.0.0.1 முகவரியின் 18120ஆம் போர்ட்டுக்கு அனுப்புங்கள். அது இன்னர்-டனலை நேராகச் சோதிக்கும். அறிந்த கடவுச்சொல் எதுவும் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரும். நாம் ஹாஷைப் படிக்கவில்லை என்பதால் அது எதிர்பார்த்ததே. அக்சஸ்-அக்செப்ட் வந்தபின், ஈஏபிஓஎல்-டெஸ்ட் கருவியால் டிடிஎல்எஸ் முழுவதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ரௌட்டரின் முகவரியையும் நீளமான ஒரு ரகசியச் சொல்லையும் கிளையன்ட்ஸ் கோப்பில் சேர்த்து, மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் கட்டாயம் என்ற தெரிவையும் இயக்குங்கள். ரௌட்டரும் ஃப்ரீரேடியஸும் பேசிக்கொள்ளும் ரேடியஸ் நெறிமுறையின் எம்டி5 பலவீனத்தைப் பயன்படுத்தும் தாக்குதல் 2024இல் வெளியானபின் இத்தெரிவு முக்கியமாகிவிட்டது. ரௌட்டரில் 1812ஆம் போர்ட்டையும் அதே ரகசியத்தையும் தர வேண்டும். இணைய நிறுவனங்கள் தரும் ரௌட்டர்கள் பலவற்றில் எண்டர்பிரைஸ் தெரிவு இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி பயன்படுத்துவோர், உடன்வரும் டபிள்யூபேட்-பேசிக் தொகுப்பை நீக்கி முழு டபிள்யூபேடை நிறுவினால்தான் அத்தெரிவு வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டு போனில் முதலில் வேர்ச் சான்றிதழை வைஃபைச் சான்றிதழாக நிறுவிவிட்டு, டிடிஎல்எஸ், பிஏபி, நிறுவிய சான்றிதழ், டொமைன் பெயர் என்று வரிசையாக நிரப்பி, அடையாளம் மறைத்த பெயருக்கு அனானிமஸ் என்று இடுங்கள். விண்டோஸ் 8 முதல் டிடிஎல்எஸ் உள்ளது. ஐபோனுக்கு பிஏபி உள்முறையைச் சொல்லும் ஒரு புரொஃபைல் கோப்பைத் தயாரித்துத் தருவதே சிக்கலற்ற வழி. தொலைக்காட்சி, மின்விளக்கு போன்றவற்றுள் பலவற்றுக்கு எண்டர்பிரைஸ் முறை தெரியாது; அவற்றுக்குப் பழைய முறையிலேயே தனி வைஃபை ஒன்றை வைத்து, அதிலிருந்து மற்றக் கணினிகளை எட்ட முடியாதபடி பிரித்துவிடலாம்.

யாரையேனும் நீக்க வேண்டுமானால் டைரக்டரியில் அவர் பதிவை அழித்தால் போதும். ஆனால் ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவி அடுத்த சரிபார்ப்பு வரை இணைப்பிலேயே இருக்கும் என்பதால், ரௌட்டரிலும் அதைத் துண்டித்துவிடுங்கள். டைரக்டரியின் அமைவையும் தரவையும் எஸ்லாப்கேட் கட்டளையால் தனித்தனியே நகலெடுத்து, வேர்ச் சான்றிதழின் தனிச்சாவியோடு வேறோர் இடத்தில் பாதுகாத்து வையுங்கள். அந்தச் சாவி தொலைந்தால், சேவையகச் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் புதிய வேரை உருவாக்கி ஒவ்வொரு போனிலும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.