கப்பலில் இரவுச் சாப்பாடு: ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

சொகுசுக் கப்பலில் முதல்முறை போகிறவர்கள் எந்த அறை எடுப்பது என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஜன்னல் போதுமா, பால்கனி வேண்டுமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடக்கிறது. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த மேசையில், யாரோடு என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் வரும் அந்தக் கேள்விக்கு எதையோ அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கப்பலில் உங்கள் மாலைப்பொழுது முழுவதும் அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் அமையப்போகிறது. எங்கள் குடும்பம் மூன்று அறைகளில் பிரிந்து பயணம் செய்தபோது இதற்காக அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பாஸ்போர்ட், விசா, அறைத் தேர்வு ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை.

படி 1: பந்தியா, நினைத்த நேரமா?

பெரும்பாலான கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, நேரம் குறித்த பந்தி. முதல் பந்தி மாலை 5.30 அல்லது 6 மணி வாக்கில், இரண்டாம் பந்தி 8 அல்லது 8.30 வாக்கில் தொடங்கும். பயணம் முழுக்க அதே மேசை, அதே வெயிட்டர்கள். மற்றொன்று, உணவுக்கூடம் திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற முறை. இதை ராயல் கரீபியன் நிறுவனம் ‘மை டைம்’ என்றும் கார்னிவல் நிறுவனம் ‘யுவர் டைம்’ என்றும் சொல்கின்றன. நார்வீஜியன் கப்பல்களில் குறித்த பந்தி என்பதே கிடையாது. டிஸ்னி கப்பல்களில் ஒவ்வோர் இரவும் வேறு உணவகம். உங்கள் வெயிட்டர்களும் உங்களோடு கூடவே இடம் மாறுவார்கள். கியூனார்ட் நிறுவனக் கப்பல்களில் நீங்கள் எந்த வகுப்பு அறை எடுக்கிறீர்களோ அதை வைத்து உணவகம் தீர்மானமாகிவிடும்.

என் ஓட்டு பந்திக்குத்தான். இரண்டாம் நாளே வெயிட்டருக்கு உங்களைத் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் நீங்கள் உட்காரும் முன்பே ஐஸ் போடாத தண்ணீர் ஒருவர் முன்னாலும், சிறு குழந்தைக்கான நாற்காலி இன்னொரு பக்கமும் தயாராக இருக்கும். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் மிகப் பெரிய உதவி. தினமும் புதிய ஆளிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பந்தி என்பதைப் பசியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயண அட்டவணையில் கப்பல் ஒவ்வொரு துறைமுகத்தை விட்டும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் மாலை 6 அல்லது 7 மணிக்குத்தான் கிளம்புகிறது என்றால் முதல் பந்தி எடுத்தவர்கள் ஊர் சுற்றுவதைப் பாதியில் முடித்துக்கொண்டு ஓடிவர வேண்டியிருக்கும். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமென்றால், அல்லது குழந்தைகளும் முதியவர்களும் கூட இருந்தால், முதல் பந்திதான் சரி. அரங்க நிகழ்ச்சிகள் பற்றிய கவலை பெரும்பாலும் வேண்டாம். இரண்டு பந்திக்காரர்களும் பார்க்கும்படி ஒரே நிகழ்ச்சியை இரண்டு காட்சிகளாக நடத்துவது வழக்கம்.

படி 2: அறைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்

எங்களை மிகவும் படுத்திய கட்டம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி முன்பதிவு எண் இருக்கும். ஒரே நாளில், ஒரே முகவரிடம், ஒரே குடும்பப் பெயரில் பதிவு செய்திருந்தாலும் நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் ஒருவரையொருவர் அறியாத அந்நியர்கள். எங்கள் மூன்று அறைகளில் இரண்டுக்கு முதல் பந்தியும் ஒன்றுக்கு இரண்டாம் பந்தியும் வந்தது. மாமியார் சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போகும் நேரத்தில்தான் மருமகள் சாப்பிடவே உட்கார முடியும் என்ற நிலைமை. இதைச் சரிசெய்யும் வழி இது:

முதலில் எல்லா அறைக்காரர்களும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஓர் அறை பந்தியிலும் இன்னோர் அறை நினைத்த நேர முறையிலும் இருந்தால் எண்களை இணைத்தாலும் ஒரே மேசை கிடைக்காது. பிறகு எல்லா முன்பதிவு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். “சேர்ந்து பயணம் செய்கிறோம்” என்று மட்டும் சொன்னால் போதாது. “இந்த எண்களை இரவுச் சாப்பாட்டுக்காக இணைத்து, ஒரே மேசையோ பக்கத்துப் பக்கத்து மேசையோ தாருங்கள்” என்று தெளிவாகக் கேளுங்கள். முகவர் மூலம் பதிவு செய்தவர்களிடம் பல நிறுவனங்கள் நேரடியாகப் பேசுவதில்லை. அப்போது முகவரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் அனுப்பிவிட்டதாகச் சொன்னாலும் புதிய உறுதிச்சீட்டு கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் அறையின் சீட்டிலும் உணவு நேரம் எழுதிய வரியை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடையில் அறை மாற்றமோ பயணிகள் மாற்றமோ செய்தால் அந்த வரியை மறுபடியும் பாருங்கள்.

முதல் பந்தி நிரம்பிவிட்டது என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். பயணத்தை ரத்து செய்பவர்கள், பந்தி மாற்றிக்கொள்பவர்கள் என்று கடைசி நாள்வரை இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இனிக் கப்பல் ஏறிய பிறகு. ஏறும் நாளன்று பிற்பகலில் உணவுக்கூட மேலாளரோ அவருடைய உதவியாளரோ மேசை மாற்றங்களுக்காகவே ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். எங்கே, எத்தனை மணிவரை என்பது அன்றைய நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும். நீச்சல் குளம், பஃபே எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே போங்கள். செயலியில் கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவர் முன்னால் உணவுக்கூடத்தின் மேசை வரைபடம் விரிந்திருக்கும். நேரில் நிற்கிறவருக்கு அங்கேயே விரலை வைத்து இடம் காட்டுவார். பெயர்கள், அறை எண்கள், பந்தி, கட்டுப்பாடுகள் எழுதிய தாளை அவர் கையில் கொடுங்கள். எட்டு, பத்துப் பேர் உட்காரும் பெரிய மேசைகள் குறைவு. அது கிடைக்காவிட்டால் ஒரே வெயிட்டர் கவனிக்கும் அடுத்தடுத்த இரண்டு மேசைகளைக் கேளுங்கள். அது எங்களுக்கு இன்னும் வசதியாகவே இருந்தது.

படி 3: எது ஆகாது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்

ஒவ்வாமை, சைவம், பால்கூடச் சேர்க்காத நனிசைவம், குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்) இல்லாத உணவு, மத விதிப்படியான உணவு என எதுவாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதிவிடுவது நல்லது. யூத மத விதிப்படி தயாரிக்கும் கோஷர் உணவு போன்றவற்றை வெளியிலிருந்து தருவித்து ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் இன்னும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுதிவிட்டோமே என்று சும்மா இருக்காமல் முதல் இரவே வெயிட்டரிடம் மறுபடியும் சொல்லுங்கள்.

“சைவம்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். காய்கறி சூப்பை இறைச்சி வேகவைத்த சாற்றில் தயாரித்திருக்கலாம். புட்டிங் வகைகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், சில சாஸ்களில் மீன் இருக்கலாம். எங்கள் தாளில் இப்படி எழுதியிருந்தோம்: “இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, ஜெலட்டின், மீன் சாஸ் ஆகாது. பால், வெண்ணெய் ஆகும்.” ஆகாததோடு ஆகும் பொருளையும் எழுதுவதுதான் முக்கியம். இல்லாவிட்டால் சமையலறை எதற்கு வம்பு என்று வேகவைத்த காய்கறியையே தினமும் அனுப்பிவிடும். ஒவ்வாமை என்றால் அது விருப்பம் அல்ல, உடல்நலப் பிரச்சினை என்று தனியாக அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒரு வசதி. இரவுச் சாப்பாடு முடிந்து எழுவதற்கு முன் ஹெட் வெயிட்டரிடம் மறுநாள் மெனுவைக் கேளுங்கள். எந்த உணவை உங்களுக்காக எப்படி மாற்றித் தர முடியும் என்று அப்போதே பேசி ஆர்டர் கொடுத்துவிடலாம். சமையலறைக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் தட்டில் வருவதே வேறாக இருக்கிறது.

கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயில் தாமாக எடுத்துச் சாப்பிட வேண்டாம். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது.

படி 4: கட்டண உணவகங்களும் பானங்களும்

தனிக்கட்டணம் வாங்கும் உணவகங்களுக்குக் கடல் நாட்களில் நெரிசல் அதிகம். முதல் இரவில் இடம் எளிதாகக் கிடைக்கும். சில கப்பல்களில் அன்று சலுகையும் உண்டு. பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பானத் திட்டத்தை வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள்: ஓர் அறையில் ஒரு பெரியவர் மதுபானத் திட்டம் வாங்கினால் மற்ற பெரியவர்களும் வாங்கியே தீர வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. தண்ணீர், தேநீர், சாதாரணக் காபி ஆகியவை பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். துறைமுக நாட்கள் நிறைந்த பயணத்துக்கு இந்தத் திட்டம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

படி 5: ஏறும் நாள்

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேர மாலையாகலாம். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், மாற்றுடை, நீச்சலுடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். மதியம் எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். பிரதான உணவுக்கூடமும் அன்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

சாப்பிடும் முன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த சர்வதேச விதி அதன் பிறகு மாறியது. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூடுவதற்கு உங்களுக்குக் குறித்த இடத்துக்கு நேரில் போய் அறை அட்டையைக் காட்டினால் போதும். போகும் வழியை மட்டும் மின்தூக்கியில் அல்லாமல் படிக்கட்டிலேயே நடந்து பாருங்கள்.

படி 6: அறைக்குள்

சர்ஜ் புரொடக்டர் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் கருவிகளைக் காக்கும் அமைப்பு) பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோகாதீர்கள். சோதனையில் பறிமுதல் ஆகிவிடும். அதற்குக் காரணம் உண்டு. வீட்டு மின்னிணைப்பில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம் இருக்கும். கப்பலில் இரண்டு கம்பிகளிலும் இருக்கும். வீட்டுக்காகச் செய்த அந்தப் பெட்டி ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும், மற்றது உயிரோடு இருக்கும். சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே எச்சரித்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்திக்கும் தடை. பல யுஎஸ்பி துளைகள் கொண்ட சார்ஜர் ஒன்று போதும்.

நான் தவறாமல் எடுத்துப்போவது காந்தக் கொக்கிகள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகு என்பதால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணி, தொப்பி, அன்றைய நிகழ்ச்சித் தாள் எல்லாம் சுவரில் ஏறிவிடும்.

படி 7: கையும் கணக்கும்

கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் கிருமிநாசினி சரியான மருந்தல்ல. பஃபே வாசலில் அதைத் தெளித்தாலும், சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டே உள்ளே போங்கள். இரண்டாம் முறை எடுக்கும்போது புதுத் தட்டு எடுக்க வேண்டும். எச்சில் தட்டோடு கரண்டியைத் தொடக்கூடாது.

கப்பலில் செலவெல்லாம் அறை அட்டையின் கணக்கில் ஏறும். டிப்ஸும் பல நிறுவனங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் தானாகச் சேரும். குடும்பமாகப் போனால் அது கணிசமான தொகை, முதலிலேயே கணக்கிட்டு வையுங்கள். இந்தக் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவழிக்காத பணத்தையும் பிடித்துவைத்து, அதை விடுவிக்க நாட்கள் ஆகும். கணக்கை ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். கடைசி இரவு வரவேற்பு மேசையில் நீண்ட வரிசை நிற்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதிக் கேட்டவை

“தொலைபேசி காட்டிய நேரத்தை நம்பிப் பந்தியைத் தவறவிட்டோம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். கரைக்கு அருகில் வரும்போது கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்துங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டுங்கள். ஏறியதும் விமானப் பயன்முறையும் போட்டுவிடுங்கள். கடல்வழி ரோமிங் கட்டணம் மிகக் கடுமையானது.

மேசையில் உடன் அமர்ந்தவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது? மறுநாள் காலையில் உணவுக்கூட மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். காரணம்கூடக் கேட்க மாட்டார்கள். அன்று மாலையே வேறு மேசை கிடைக்க வாய்ப்பு உண்டு. பழைய மேசைக்காரர்களை வழியில் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பஃபே பழங்களைக் கரைக்கு எடுத்துப்போகலாமா என்று இருவர் கேட்டார்கள். வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் ஓர் ஆப்பிளுக்குக்கூட அபராதம் விதிப்பார்கள். குழந்தைக்குப் பசிக்குமே என்றால் கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, அந்தத் துறைமுகத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று முந்தைய நாளே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.