பன்னேர்கட்டா காட்டோரம் விருந்தினர் இல்லம்: அரசு ஆதரவு கேட்கும் முன்

பெங்களூர்த் தமிழர்கள் சிலர், பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காட்டோரம் வாங்கிய நிலத்தில் விருந்தினர் இல்லம் தொடங்க எண்ணியதும் முதலில் மானியத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. பஹணியில் (கர்நாடக அரசின் நிலப் பதிவு ஆவணம்) உள்ள சர்வே எண்ணை, பூங்காவைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் விதிக்கும் சூழல் உணர்திறன் மண்டலத்துக்காக 2020-இல் வெளியான அறிவிக்கையோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். முதலில் 268.96 சதுர கிலோமீட்டராக முன்மொழியப்பட்ட அம்மண்டலம் இறுதியில் 168.84 ஆகக் குறைக்கப்பட்டது என்பதால் (யானைகளின் வழித்தடத்தை நினைத்தால் வருத்தமளிக்கும் குறைப்பு இது), பழைய வரைபடம் உதவாது. மண்டலத்துக்குள் புதிய வணிக விடுதிக்கு அனுமதியில்லை. சூழல் சுற்றுலாவுக்கான சிறிய தற்காலிக அமைப்புகளுக்கே வழியுண்டு. நிலம் வெளியே இருந்தால், மாநிலச் சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்.