பேரிங் கோணாமல் இறங்க: ஹைட்ராலிக் பிரஸ்ஸில் முதல் வேலை

6204 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. இதற்கு 12 டன் பிரஸ் ஏராளம். சிக்கலும் அங்கேதான்: பேரிங் கோணலாக நுழைந்தாலும் அது தயங்காமல் தள்ளிவிடும். கைக்குத் தெரியாது.

முதலில் ஷாஃப்ட்டை அளந்துவிடுங்கள். வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். கே6 பொருத்தம் (ஷாஃப்ட் துளையைவிடச் சற்றே பெரிதாக, இறுக்கமாக அமரும் அளவு) என்றால் 20.002 முதல் 20.015 மி.மீ. வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் பேரிங்கின் உள் இடைவெளி இறுகி, ஓடும்போது சூடேறும். 20-க்குக் கீழே தேய்ந்திருந்தால் சுலபமாக ஏறும். பிறகு உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றும். விளிம்பில் பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள்.

அடுத்தது, எந்த வளையத்தில் அழுத்துவது. புதியவர்கள் பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையம். ஹவுசிங்கில், அதாவது பேரிங் உட்காரும் கூட்டில், இறக்கும்போது வெளிவளையம். மாற்றி அழுத்தினால் முழு விசையும் குண்டுகள் வழியாகப் பாயும். குண்டு ஓடும் பள்ளத்தில் கண்ணுக்கே எட்டாத குழிகள் விழும். கையால் சுற்றினால் நன்றாகத்தான் இருக்கும். மோட்டாரில் மாட்டியதும் இரைச்சல் போடும், பழியோ பேரிங் கம்பெனி மேல் விழும்.

அழுத்துவதற்கு சாக்கெட் ஸ்பேனரின் சாக்கெட்டை வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் வாய் மட்டமாக இருப்பதில்லை. தடித்த இரும்புக் குழாயை வெட்டி, இரண்டு முனையையும் லேத்தில் மட்டம் பிடித்தால் போதும். உள்விட்டம் ஷாஃப்ட்டைவிட அரை மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

இனி அழுத்தலாம். முதல் 2 மி.மீ.தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லேசாக இரண்டு பம்ப், உடனே வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பேரிங் தானாக நேராக ஒரு வாய்ப்பு கிடைக்கும். குழாயைக் கால் சுற்று திருப்பி மறுபடி இரண்டு பம்ப். நான்கு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல் தெரிந்த பிறகே தொடர்ந்து அழுத்துங்கள். கோணிவிட்டதா? கழற்றி மறுபடி தொடங்குங்கள். மேலும் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தால் ஷாஃப்ட்டில் கீறல் விழும். வளையம் கடினமான எஃகு என்பதால் உடைந்தால் தெறிக்கும். கண்ணையும் முகத்தையும் மறைக்கும் தடுப்புக் கவசம் போட்டு, ஓரமாக நின்று பம்ப் செய்யுங்கள்.

கைப்பிடி திடீரென்று கனத்தால் பேரிங் தோளை, அதாவது ஷாஃப்ட் தடிக்கும் படியை, தொட்டுவிட்டது. அங்கேயே நிறுத்தி, 0.03 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) தோளுக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கமும் நுழையக் கூடாது.

அலுமினிய ஹவுசிங் என்றால் பிரஸ்ஸை நம்புவதைவிடச் சூட்டை நம்பலாம். ஹவுசிங்கை அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி கூட்டினால் 47 மி.மீ. துளை ஏறக்குறைய 0.08 மி.மீ. விரியும், பேரிங் தானே விழும். ஷாஃப்ட்டில் ஏற்ற பேரிங்கைச் சூடாக்குவதானால், ரப்பர் சீல் உள்ளதை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். நேரடித் தீ எதற்குமே வேண்டாம்.