அம்பாசிடர் எக்ஸாஸ்ட் நட்டு கழல மறுத்தால்: ஸ்டட்டை முறிக்காமல் எடுக்கும் முறை

பழைய அம்பாசிடரை முதன்முறையாகப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான், அதாவது எஞ்சின் புகையைச் சைலன்சர் குழாய்க்குக் கொண்டுபோகும் இரும்பு வார்ப்பில். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் வகை. மேனிஃபோல்டை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) பிடித்திருக்கும் நட்டுகள் முப்பது நாற்பது வருடமாகச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஸ்டட்டோடு (ஹெட்டில் முறுக்கி நிற்கும், தலையில்லாத மரைக் கம்பி) ஒன்றிப்போயிருக்கும். எண்ணெய்ப் பசை எப்போதோ எரிந்து போயிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் மரைக்குள் இருக்கும் சின்ன இடைவெளி முழுவதும் அடைத்து இறுகிவிடும்.

என் முதல் வண்டியில் ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி, உடம்பு எடையை முழுக்கப் போட்டு இழுத்தேன். ஸ்டட் ஹெட்டை ஒட்டி முறிந்தது. அரை நிமிட அவசரத்துக்காக ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

முதலில் சரியான ஸ்பேனர்

இந்த எஞ்சின் இன்ச் அளவில் செய்தது. உங்கள் டூல் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மில்லிமீட்டர் செட். 5/16 இன்ச் மரையுள்ள போல்ட்டின் தலை அரை இன்ச், அதாவது 12.7 மிமீ. 13 மிமீ ஸ்பேனர் அதில் உட்காருவது போலத்தான் தெரியும். ஆனால் பலமாக இழுத்தால் அந்த 0.3 மிமீ இடைவெளியில் மூலைகள் வழித்துக்கொண்டு போய்விடும். மூலை போன நட்டோடு மல்லுக்கட்டுவது இரண்டு மடங்கு வேலை. அரை இன்ச், 9/16 இன்ச் பாக்ஸ் ஸ்பேனர் இரண்டையும் தனியாக வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனை பாக்ஸ்தான் வேண்டும். நட்டின் மேல் இருக்கும் துருவையும் கரியையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே பாக்ஸை மாட்டுங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் வழுக்கும்.

ஊறவிடுங்கள்

துருவுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் நல்லது. டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது, இறுகிப்போன மரைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டட்டின் முனையில், மரை வெளியே தெரிகிற இடத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். அப்புறம் ஒரு பித்தளைக் கம்பியை நட்டின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். பலமாக அடிக்கத் தேவையில்லை. அந்த அதிர்வில்தான் துருவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இரண்டு மூன்று நாள் இதையே செய்யுங்கள். அந்த நாட்களில் வண்டியில் வேறு வேலை பாருங்கள்.

திருப்பும்போது கையைக் கேளுங்கள்

எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் இது. முதல் அசைவைக் கழற்றும் பக்கம் கொடுக்காதீர்கள், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை கொடுங்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். பிறகு கழற்றும் பக்கம் இழுங்கள். எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்தால் திசை குழம்பும். நட்டின் முகத்தை நேராகப் பார்ப்பதாக மனதில் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விடுபடுகிற நட்டு 'டக்'கென்று ஒரு சத்தம் தரும், இல்லையென்றால் கிரீச்சென்று முனகும். இரண்டும் நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் ஸ்பேனர் ரப்பரை முறுக்குவது போல மெதுவாக நகர்ந்தால், நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுகுகிறது. அந்த நொடியே நிறுத்துங்கள். திரும்ப எண்ணெய், தட்டு, காத்திருப்பு.

நட்டு அசைந்துவிட்டால் ஒரே மூச்சில் சுழற்றி எடுக்காதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, இரண்டு சொட்டு எண்ணெய். உதிர்ந்த துரு மரையில் சிக்கிக்கொண்டால் பாதியில் மறுபடியும் இறுகும்.

அப்படியும் வரவில்லையா? சூடு

இந்த எஞ்சினில் கார்பரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிற பக்கமே இருக்கிறது. அதனால் தீயைப் பற்றவைக்கும் முன் கார்பரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றித் தூரமாக வையுங்கள், பேட்டரி இணைப்பை எடுங்கள், ஊற்றிய எண்ணெயைத் துடையுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் தீ காட்டவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு கிளம்பும்.

கேஸ் டார்ச்சின் தீ நட்டின் மேல் மட்டும் பட வேண்டும், ஸ்டட்டின் மேல் அல்ல. நட்டு விரிந்தால் பிடி தளரும். இரும்பு நட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சுடலாம். பித்தளை நட்டுக்கு அவ்வளவு வேண்டாம், அது எஃகைவிட அதிகமாக விரியும். தீயை எடுத்ததும் மெழுகுவத்தியை மரையோரம் தொட்டுப் பாருங்கள், உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் ஆறியதும் திருப்புங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் நட்டைப் பலி கொடுங்கள். ஹேக்ஸா பிளேடால் ஒரு பக்கமாக, மரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பு வரை அறுத்து, அந்தப் பிளவில் உளியை வைத்து அடித்தால் நட்டு வாய் பிளக்கும். போனது ஒரு நட்டு மட்டும், ஸ்டட் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டட் முறிந்தே போனாலும், மேலே ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் வழி உண்டு. அதன் மேல் புது நட்டை வைத்து வெல்டு செய்து, ஆறியதும் திருப்புவதுதான் நான் நம்பும் முறை. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். துளை போட்டு ஈஸி-அவுட் (முறிந்த துண்டைக் கவ்வித் திருப்பி எடுக்கும் இடது மரைக் கருவி) மாட்டுவதைப் புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது உள்ளே உடைந்தால், சாதாரண டிரில் பிட் அந்தக் கடின எஃகைத் தொடவே தொடாது.

திரும்ப மாட்டும்போது

ஹெட்டில் இருக்கும் மரையை அதே அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். புது ஸ்டட்டும் பித்தளை நட்டும் போடுங்கள், பித்தளை துருப்பிடிக்காது. மரையில் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகாமல் தடுக்கும்) பசையை மெல்லிசாகத் தடவுங்கள். நட்டை விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத நட்டில் ஸ்பேனரை வைக்காமல், கழற்றி மறுபடி நேராகப் பிடித்துத் தொடங்குங்கள்.