ஒரு நிமிடப் பேச்சை எழுத்தில் பிடிப்பது எப்படி?

கதைக்கு உரையாடல் எழுதுபவர்களும் மொழியியல் படிக்கத் தொடங்குபவர்களும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய பயிற்சி இது. கைபேசியும் பொறுமையும் போதும்.

முதலில் அனுமதி. பதிவு செய்யப் போவதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசுவார்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, நடுவிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தை எடுங்கள்.

அடுத்து, காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 'வெச்ச' என்றால் 'வெச்ச'தான். 'வைத்தாய்' என்று திருத்தாதீர்கள். தடுமாற்றம், இழுவை, 'ம்' எதுவும் விடுபடக் கூடாது.

அப்புறம் குறிகள். உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சன் வகுத்த முறையில் நிறைய உண்டு. தொடக்கத்துக்கு மூன்று போதும். நீட்டலுக்கு முக்காற்புள்ளி, இடைவெளிக்கு வளைவு அடைப்புக்குள் விநாடி, இருவர் பேச்சும் ஒன்றாக விழும் இடத்துக்குச் சதுர அடைப்பு. இப்படி:

அம்மா: அந்த:: (0.4) இது, சாவிய எங்கடி வெச்ச நீ?
மகள்: எந்தச் சாவி[ம்மா?]
அம்மா: [பீரோ] சாவி.
மகள்: டிவி மேல இருக்கு.

இனிதான் முக்கியமான வேலை: வரி வரியாகப் பாருங்கள். கேள்விக்குக் கேள்வியே பதிலாக வருகிறது, ஆனால் யாருக்கும் கோபமில்லை. அம்மாவின் முதல் கேள்வி நான்காவது வரி வரை காத்திருக்கிறது. 'அந்த, இது' வெறும் தடுமாற்றமில்லை. சொல் கிடைக்கும்வரை, பேசும் வாய்ப்பை அம்மா கைவிடாமல் வைத்திருக்கிறார். 'நீ' வினைக்குப் பின்னால் போய்விட்டது. பேச்சுத் தமிழில் இது சர்வசாதாரணம்.

மகள் முடிப்பதற்குள் 'பீரோ' வந்துவிட்டதே, அது குறுக்கீடா? இல்லை. பேச்சு எங்கே முடியும் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே கணிக்கிறார். ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் விளக்கியது. பின்னர் 2009இல் வெளியான, பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், ஆம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் வர ஆன இடைவெளி சராசரியாக 0.2 விநாடிதான். கேட்டு முடித்த பிறகு யோசித்தால் இந்த வேகம் வராது. கேட்கும்போதே பதில் தயாராகிறது.

கடைசியாக, 'ம்' விழும் இடங்களை வட்டமிடுங்கள். பெரும்பாலும் '-ன்னு', '-ட்டு' என்று ஒரு துண்டு முடியும் இடத்தில் இருக்கும். அதன் வேலை என்ன என்று தெரிய, நண்பர் போனில் நீளமாக ஏதாவது சொல்லும்போது 'ம்' கொட்டாமல் இருந்து பாருங்கள். சீக்கிரமே 'ஹலோ, லைன்ல இருக்கியா?' என்பார்.