தாடை எக்ஸ்ரேயில் வெள்ளை நிழல்: பெயரிடும் முன் பல்லைச் சோதியுங்கள்

தாடை எக்ஸ்ரேயில் சுற்றியுள்ள எலும்பைவிட வெண்மையாக ஒரு நிழல் தெரிந்தால், அது உண்மையிலேயே எலும்புக்குள் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கீழ்த்தாடையின் நாக்குப்புறத்தில் இயல்பாகப் புடைத்திருக்கும் எலும்பு மேடும், உமிழ்நீர்ச் சுரப்பியில் உருவான கல்லும் தாடையின்மேல் விழுந்து ஏமாற்றக்கூடும். விரலால் தடவிப் பார்த்து, வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுத்தால் தெளிந்துவிடும்.

அடுத்து, அருகிலுள்ள பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை காசிமேட்டில் மீன் விற்கும், 45 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கீழ் முன்பற்கள் நான்கின் வேர்நுனியிலும் வெண்ணிழல்களோடு எங்கள் தண்டையார்பேட்டை கிளினிக்குக்கு வந்தார். அவற்றில் ஒன்றுக்கு வேறோர் இடத்தில் ரூட் கேனால் செய்திருந்தார்கள். ஊசி மூடியில் தண்ணீரை உறையவைத்து எடுத்த ஐஸ் குச்சியை மற்ற மூன்றிலும் வைத்தபோது, ஒவ்வொரு முறையும் "கூசுது டாக்டர்" என்றார். எடுத்ததும் கூச்சம் அடங்கியது; பல் உயிரோடு இருப்பதன் அடையாளம் அது. சொத்தை இல்லை, அடிபட்டதும் இல்லை. வெண்மையைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் இருந்தது. நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் சிமெண்ட்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா இது; வேர்நுனி எலும்பு கடினப்பொருளாக மாறும் தீங்கற்ற நிலை. இதற்குச் சிகிச்சை வேண்டாம். பயாப்ஸி (சோதனைக்காகத் துண்டு) எடுத்தால், ரத்த ஓட்டம் குறைந்த அவ்விடத்தில் சீழ் பிடிக்கலாம். தேவையின்றி ரூட் கேனால் செய்யப்பட்ட அந்த ஒரு பல்லை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மாறாக, ஆழ்ந்த சொத்தையுள்ள கடைவாய்ப்பல் ஐஸுக்கு உணர்வு காட்டாமல், வேர்நுனியில் வளையமற்ற வெண்மை இருந்தால், அது பல்லின் தொற்றுக்கு எலும்பு காட்டும் எதிர்வினை. ரூட் கேனால் செய்வதோ, காப்பாற்ற முடியாவிட்டால் பல்லைப் பிடுங்குவதோதான் வழி. பல் நலமாக இருந்து, வளையமும் வீக்கமும் இல்லையென்றால், படத்தைப் பத்திரப்படுத்திப் பின்னர் ஒப்பிட்டாலே போதும். இளவயதினரின் கீழ்க் கடைவாய்ப்பல் வேரோடு ஒட்டி, வேரின் விளிம்பையே மறைத்து, வளையத்தோடும் வலியோடும் இருப்பது சிமெண்ட்டோபிளாஸ்டோமா என்ற, பல் வேரில் வளரும் தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். முளைக்காத பல்லின் வழியில் குட்டிப் பற்களின் குவியல்போலத் தெரிவது ஒடொண்டோமா, அதாவது பல் திசுக்களாலான தீங்கற்ற கட்டி.

கீழுதடு மரத்துப்போதல், வேகமாக வளரும் வீக்கம், ஈறு நோயின்றி ஆடும் பல், வேரைச் சுற்றிய இடைவெளி ஒரே சீராக அகலுதல், கதிர்கள் விரிந்தாற்போன்ற வெண்மை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. எலும்புப் புற்றுநோயை மனத்தில் கொள்ள வேண்டும். மார்பகம் அல்லது புராஸ்டேட் புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றாரா, எலும்பை வலுப்படுத்தும் ஊசி போட்டுக்கொள்கிறாரா என்பதையும் தவறாமல் கேளுங்கள். அன்றே முத்துசாமி சாலையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, ஐஸ் சோதனையின் முடிவையும், உதடு மரத்த நாளையும் கடிதத்தில் எழுதி, பழைய படங்களையும் நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள்.