முதலில் நிழல், அப்புறம் கேமரா, கடைசியில் குழந்தை: வெளியிடத்தில் குழந்தைகளைப் படமெடுக்க ஒரு செய்முறை

அக்கா மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது பூங்காவில் வைத்து அவளை நூற்றுச்சொச்சம் படங்கள் எடுத்தேன். நல்ல உச்சி வெயில். வீட்டுக்கு வந்து பார்த்தால் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. பாதிப் படங்களில் கண்குழி கறுத்துக் கிடக்கிறது. மீதியில் வெயில் தாங்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். கேமரா சரியில்லை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. போதாததற்கு, அவள் சிரித்த நேரமெல்லாம் நான் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சின்னக் குழந்தையின் பொறுமை பத்து நிமிடம் தாங்கினாலே பெரிய விஷயம். அதனால் கீழே உள்ள படிகளில் முதல் ஐந்தையும் குழந்தையைக் கூப்பிடும் முன்பே முடித்துவிடுங்கள்.

படி 1: நிழலின் ஓரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூச்செடி, அழகான சுவர் என்று பின்னணிதான் முதலில் கண்ணை இழுக்கும். அதை அப்புறம் பார்க்கலாம். நமக்கு வேண்டியது, நேர் வெயில் படாத, ஆனால் எதிரே வானம் விரிந்து கிடக்கிற ஓர் இடம். கட்டடத்தின் நிழல், வாசல் திண்ணை, அடர்ந்த மரத்தடியின் விளிம்பு, இவற்றில் ஏதாவது ஒன்று எங்கும் கிடைக்கும். நிழல் முடியும் கோட்டிலிருந்து ஓரிரு அடி உள்ளே குழந்தையை நிறுத்தி, முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தால், எதிரே உள்ள வானம் ஒரு பெரிய ஜன்னல் போல வேலை செய்யும். முகத்தில் கடுமையான நிழல் இருக்காது. கருவிழியில் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு மின்னும். அந்தப் பொட்டு இல்லையென்றால் கண் செத்துப்போனது போல இருக்கும். நிழலுக்குள் ரொம்ப ஆழமாகப் போனாலும் இதே கதிதான்.

இடம் சரியா என்று பார்க்க உங்கள் கையே போதும். கையை முகத்தின் உயரத்தில் நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது கைச் சுருக்கங்கள் ஆழமாகத் தெரியும். இன்னொரு பக்கம் தோல் மிருதுவாகத் தெரியும். குழந்தையின் முகம் பார்க்க வேண்டிய திசை அந்த இரண்டாவதுதான்.

மரத்தடியில் ஓர் எச்சரிக்கை. இலைகளின் இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுகிற இடம் கண்ணுக்கு அழகு, படத்துக்குக் கேடு. மூக்கில் ஒரு வெள்ளைத் திட்டு, கன்னத்தில் ஒரு திட்டு என்று விழுந்தால் பிறகு எந்த மென்பொருளாலும் எளிதில் எடுக்க முடியாது. தரையையும் பாருங்கள். புல்வெளி, தாடைக்கு அடியில் பச்சை நிறத்தை ஏற்றும்; சிமெண்டுத் தரையும் மணலும் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்பிக் கண்குழியை நிரப்பும்.

படி 2: நிழலே இல்லையென்றால் வெயிலை முதுகுக்கு அனுப்புங்கள்

சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். வெட்டவெளியில் எடுப்பதென்றால் இதுதான் நேரம். சூரியன் குழந்தையின் பின்னால் இருக்கட்டும். முடியின் ஓரமெல்லாம் பொன்னாக மினுங்கும், கண்ணும் கூசாது. ஆனால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துப்போகும். போகட்டும், நாம் எடுப்பது வானத்தை அல்ல.

எதிரே ஒரு வெள்ளைத் துணியையோ தெர்மாகோல் அட்டையையோ யாராவது பிடித்தால் முகம் இன்னும் தெளியும். லென்ஸுக்குள் நேராக வெயில் அடித்துப் படம் புகைமூட்டமாக வந்தால் லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட் போடுங்கள், இல்லாவிட்டால் கையால் மறையுங்கள்.

மேகமூட்டமான நாள் கிடைத்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். தொடக்கக்காரருக்கு அதைவிட எளிதான வெளிச்சம் இல்லை.

படி 3: ஷட்டர் ஸ்பீடைத்தான் முதலில் முடிவு செய்யுங்கள்

பெரியவர்களைப் படமெடுக்கச் சொல்லித்தருகிறவர்கள் அப்பர்ச்சரிலிருந்து, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவிலிருந்து தொடங்குவார்கள். குழந்தை விஷயத்தில் நான் அதை ஏற்பதில்லை, குழந்தை அசைந்துகொண்டே இருப்பதால். ஷட்டர் ஸ்பீடு என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம்; அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அசைவு உறையும். உட்கார்ந்திருந்தால் 1/250 நொடி, நடந்தால் 1/500, ஓடினால் 1/1000. சந்தேகமாக இருந்தால் 1/500 வைத்துவிடுங்கள்.

அப்பர்ச்சர் அடுத்தது. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு. புதிதாக எஃப்/1.8 லென்ஸ் வாங்கியவர்கள் அதை எஃப்/1.8 தவிர வேறெதிலும் வைக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கணக்கைப் பாருங்கள்: ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், குழந்தை 2 மீட்டர் தூரத்தில், எஃப்/1.8 என்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ.தான். தலையைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். எஃப்/4 என்றால் அது 13 செ.மீ. ஆகும்; பின்னணியும் போதுமான அளவு கரைந்தே தெரியும். இரண்டு குழந்தைகள் என்றால் எஃப்/5.6.

ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவை, தானியங்கியில் விட்டுவிடலாம். மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொண்டு, ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பாக 3200 வைத்தால் போதும். பகல் நேரத்துத் திறந்த நிழலில் 1/500, எஃப்/4 என்றால் பெரும்பாலும் 200 முதல் 400க்குள்தான் நிற்கும். ஐஎஸ்ஓ ஏறினால் படம் புள்ளி புள்ளியாகிவிடுமே என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், அசைவில் மங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: ஃபோகஸும் நிறமும்

குழந்தை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். நிக்கானிலும் சோனியிலும் அதன் பெயர் ஏஎஃப்-சி; கேனனில் சர்வோ. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைப் புள்ளியை கேமராவுக்கு அருகே உள்ள கண்ணில் வையுங்கள். ஒரே அழுத்தில் அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் மோடும் தேவை, ஒரே நேரத்தில் கண்சிமிட்டாமலும் வாயில் விரல் வைக்காமலும் ஒரு படம் கிடைக்க வேண்டுமல்லவா.

நிழலில் நீல வானத்தின் வெளிச்சம்தான் விழுகிறது என்பதால் தோல் நீலம் பாய்ந்து வரும். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’ (நிழல்) என்று வைத்தால் சூடு திரும்பும். ரா வடிவத்தில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுப்பவர்கள் இதை வீட்டில் வந்து சரிசெய்துகொள்ளலாம்.

படி 5: பையை வைத்து ஒத்திகை

குழந்தை நிற்கப்போகும் இடத்தில் ஒரு பையையோ பொம்மையையோ வைத்து, இல்லை கூட வந்தவரைக் குந்தவைத்து, நாலு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் சரியா, பின்னால் ஏதாவது கம்பம் தலைக்கு மேல் முளைக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

படி 6: இப்போது கூப்பிடுங்கள்

கேமரா குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். முட்டி போடுங்கள், தேவைப்பட்டால் படுங்கள். நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் குட்டிக் காலுமாகத்தான் வரும். “சிரி, சிரி” என்று கெஞ்சினால் பல்லைத்தான் காட்டும். கையில் ஒரு வேலை கொடுங்கள்: கூழாங்கல் பொறுக்கச் சொல்லலாம், “என் லென்ஸுக்குள்ளே ஒரு பூச்சி தெரியுதா பாரு” என்றும் சொல்லலாம். இந்தப் பூச்சி எனக்கு இதுவரை பலமுறை கைகொடுத்திருக்கிறது.

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் முதல் இரண்டு படிகளும் அப்படியே பொருந்தும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும்; பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து முகத்தின் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓடுகிற குழந்தைக்கு பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், முடியின் ஓரங்களைக் கடித்துத் தின்றுவிடும்.

இடையில் ஒருமுறை திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் ஓரிடமும் கூர்மையாக இல்லையென்றால் ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள். முகம் மங்கி, பின்னால் உள்ள புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் புள்ளி தவறிவிட்டது. எல்லாம் கூர்மை, கண் மட்டும் இருட்டு என்றால், குழந்தையை அரை அடி வெளிச்சத்தின் பக்கம் நகர்த்துங்கள்.